46 ஸ்லைடும் 20 நிமிடமும்: திருப்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கடிதத்தின் சுருக்கம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் ஐரோப்பிய பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) தரப்பிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். யூனிட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் மீட்டிங் ஹாலில் 20 நிமிடம் அவர்களிடம் பேசும் பொறுப்பை முதலாளி இவரிடம் கொடுத்திருக்கிறார். சென்ற சீசனில் இதே பையருக்குப் போன சரக்கில் ஷேட் (சாய நிறம்) வித்தியாசம் வந்தது. ஒரு ஷிப்மென்ட் தாமதமாகவும் போனது. இந்த முறை ஆர்டரைத் தக்கவைக்க வேண்டும்.

இவர் 46 ஸ்லைடு தயாரித்திருக்கிறார். அதில் 11 சர்டிபிகேட்டுகள், நிறுவனர் படமும் கம்பெனி வரலாறும் 6, நிட்டிங் முதல் பேக்கிங் வரையிலான மெஷின் பட்டியல் ஒன்று. இங்கிலீஷ் தடுமாறும் என்ற பயத்தில் பேச வேண்டியதை முழு வாக்கியங்களாக 12 புள்ளி எழுத்தில் ஸ்லைடிலேயே எழுதிவிட்டார். இளைய முதலாளியான ‘சின்னவர்’ பத்து ஸ்லைடுக்கு மேல் கூடாது என்கிறார். மூத்தவரான ‘பெரியவர்’ ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்கிறார். ஜூனியர் பையன் அனிமேஷனும் ஏஐ படங்களும் போட்டால் ‘கெத்தா’ இருக்கும் என்கிறான். “யார் சொல்றதைக் கேக்கறதுன்னே தெரியலைங்க. பேசாம சின்னவரையே பேசச் சொல்லிடலாமான்னு இருக்குதுங்க” என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கம்பெனியில் நடக்கும் விவாதம் முழுவதும் எண்ணிக்கையைப் பற்றியே இருக்கிறது. அதை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். சின்னவர் சொல்லும் பத்து, அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன 10-20-30 என்ற கணக்கிலிருந்து வந்திருக்க வேண்டும்: பத்து ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளிக்குக் குறையாத எழுத்து. புதுத் தொழிலுக்கு முதலீடு கேட்டு வருபவர்களுக்காக அவர் அதைச் சொன்னார். 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சா முறையிலோ 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி. ஆறு நிமிடம் 40 விநாடியில் பேச்சு முடிந்துவிடும். இரண்டு முறையிலும் நல்ல பேச்சுகள் வந்திருக்கின்றன. ஒரு ஸ்லைடு பத்து விநாடி நிற்கலாம், இன்னொன்று மூன்று நிமிடம் நிற்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மூன்று பேர் நாற்காலியை விட்டு எழும்போது என்ன முடிவோடு எழ வேண்டும்?

அதை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்: “ஷேட் பிரச்சினைக்குக் காரணம் தெரிந்து சரிசெய்துவிட்டார்கள், இந்த சீசனில் இரண்டு ஸ்டைலை இவர்களிடம் கொடுக்கலாம்.” இந்த வாக்கியத்தைப் பெரியவரிடமும் சின்னவரிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும். அவர்கள் இருவருக்கும் உங்கள் 46 ஸ்லைடில் உண்மையான கருத்து வேறுபாடு இல்லை. எதற்காகப் பேசுகிறோம் என்று யாரும் இதுவரை சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

46-ஐ தூக்கிப் போட வேண்டாம், பிரியுங்கள்

நீங்கள் ஒரே கோப்பை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்: நின்று பேசும்போது பின்னால் காட்டவும் அதுதான், அவர்கள் ஊருக்குப் போய்ப் படிக்கவும் அதுதான். பையருக்கு சாம்பிள் அனுப்பும்போது டெக் பேக்கில் (ஆடையின் விவரங்கள் அடங்கிய கோப்பு) இருக்கும் அளவுகளை எல்லாம் சட்டையின் மேலேயே அச்சடித்து அனுப்புவதில்லையே. சாம்பிள் கையில் பிடித்துப் பார்க்க, டெக் பேக் மேஜையில் வைத்துப் படிக்க. இங்கேயும் இரண்டு கோப்பு வேண்டும்.

படிக்கும் கோப்பில் மெஷின் பட்டியல், சர்டிபிகேட்டுகள், மாத உற்பத்தித் திறன், வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் வேலைகளின் விவரம் எல்லாம் போகட்டும். ஏ4 அளவில், 11 புள்ளி எழுத்தில், முழு வாக்கியங்களோடு பிடிஎஃப் ஆக்கி, மூன்று பிரதி அச்செடுத்து வையுங்கள். நீங்கள் உழைத்து எழுதிய எதுவும் வீணாகாது. காட்டும் கோப்பில் கண்ணால் பார்த்தால் மட்டுமே புரியும் விஷயங்கள் இருந்தால் போதும். கேள்வி வந்தால் தேவைப்படும் ஐந்தாறு ஸ்லைடுகளை (லேப் ரிப்போர்ட், மெஷின் பட்டியல் போன்றவை) கடைசியில் மறைத்து வைக்கலாம். ஸ்லைடு ஓடும்போது அதன் எண்ணை அழுத்தி என்டர் தட்டினால் நேராக அங்கே போகும். எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனர் படத்தை எடுத்தால் பெரியவர் மனம் வருந்துவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வருந்த வைக்கத் தேவையே இல்லை. அந்த ஆறு ஸ்லைடுகளையும் தனிக் கோப்பாக்கி, தானாக ஓடும்படி அமைத்து, வந்தவர்கள் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில் டிவியில் ஓட விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெரியவரே பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனி பிறந்த கதையைச் சொல்லட்டும். உங்கள் 20 நிமிடத்தில் அவசரமாகத் தள்ளப்படுவதைவிட அந்தப் படங்களுக்கு அங்கே மரியாதை அதிகம்.

பழைய குறையை எப்போது சொல்வது

ஷேட் விஷயத்தை 38-வது ஸ்லைடில், ஆறாவது வரிக்குக் கீழே ஓர் உள்வரியில் வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்பது எண்ணம். இது உங்கள் திட்டத்திலேயே ஆபத்தான இடம். அவர்கள் அந்தக் குறையைக் கோப்பில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். நீங்கள் அதைத் தொடும் வரை மற்றது எதுவும் காதில் விழாது.

முக்கியமான செய்தி உள்வரியில் புதைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி ஏழு பேர் இறந்த பிறகு நடந்த விசாரணையில், அது வானில் இருந்தபோதே பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு குறிப்பிட்டுக் குறை சொன்னது. இறக்கையில் மோதிய நுரைத் துண்டு, அதுவரை சோதித்துப் பார்த்தவற்றைவிடப் பல மடங்கு பெரியது என்ற செய்தி அந்த ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது. தலைப்போ நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது.

ஆகவே இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: எந்த ஸ்டைல், என்ன தவறு, என்ன காரணம், என்ன மாற்றினோம். உதாரணமாக, இரண்டு சாய லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி) துணி கட்டிங் மேஜையில் கலந்து, ஒரே சட்டையின் உடலும் கையும் வேறு ஷேடில் போயிருந்தால், அதை அப்படியே சொல்லி, இப்போது பண்டில் சீட்டில் (வெட்டிய துண்டுகளின் கட்டோடு போகும் சீட்டு) லாட் எண் எழுதும் முறையைப் படமாகக் காட்டுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. பழைய குறைக்காகப் பையர் பணம் கேட்கும் கிளெய்ம் அல்லது டெபிட் நோட் இன்னும் முடியாமல் இருந்தால், எழுத்தில் ‘எங்கள் தவறு’ என்று போடுவது பின்னர் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படலாம். வாசகத்தை முதலாளியிடமும் கம்பெனி வக்கீலிடமும் காட்டிவிட்டே வையுங்கள். சாயப்பட்டறை வெளி யூனிட்டாக இருந்தால் பெயர் சொல்லிப் பழி போட வேண்டாம். பையர் ஒப்பந்தம் போட்டது உங்களோடு. அவர்களைப் பொறுத்தவரை பொறுப்பு உங்களுடையது.

இன்னொன்று. முன்பு, பின்பு என்று இரண்டு துணியின் போட்டோவை அருகருகே வைத்து ஷேட் சரியானதாகக் காட்டியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். செல்போன் கேமரா தானாக வெண்மையைச் சரிசெய்யும், டிவி தன் இஷ்டத்துக்கு நிறத்தைக் கூட்டும். சரியான துணியும் திரையில் வேறு மாதிரித் தெரியலாம். துணித் துண்டுகளை லாட் எண் ஒட்டி அவர்கள் கையிலேயே கொடுங்கள். நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸ் லேபில் இருந்தால் ஹாலுக்குக் கொண்டுவந்து டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) இரண்டு விளக்கிலும் அவர்களே பார்க்கட்டும். அந்த நேரத்தில் கீபோர்டில் ‘பி’ (B) எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும், மறுபடி தட்டினால் வரும். அவர்களுடைய கண் துணியில் இருக்கும்போது திரையில் எதுவும் இருக்கக் கூடாது. எந்த அனிமேஷனையும்விட இந்த மூன்று நிமிடம் உங்களுக்கு உதவும்.

ஒரு ஸ்லைடு எப்படி இருக்க வேண்டும்

தலைப்பில் ‘தரக் கட்டுப்பாடு’ என்று போட்டால் அது அலமாரியில் ஒட்டிய சீட்டு மாதிரி நின்றுவிடும். ‘ஒவ்வொரு பண்டிலிலும் லாட் எண் இருப்பதால் கட்டிங்கில் கலப்பதில்லை’ என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். இரண்டு வரிக்கு மிகாமல். கீழே அதை நிரூபிக்கும் ஒரே பொருள்: பண்டில் சீட்டின் நெருக்கமான போட்டோ, அல்லது ஒரு வரைபடம். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் உங்கள் வாதம் முழுவதும் வர வேண்டும். வராவிட்டால் வரிசையில் கோளாறு.

எழுத்தின் அளவை உங்கள் ஹாலை வைத்துக் கணக்கிடலாம். 55 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 68 செ.மீ. விவரங்களைப் படிக்க, கடைசி ஆள் அந்த உயரத்தின் ஆறு மடங்குக்குள் உட்கார்ந்திருப்பது நல்லது. அதாவது ஏறத்தாழ 4 மீட்டர், 13 அடி. உங்கள் 12 புள்ளி எழுத்து அந்த டிவியில் வரிக்கு ஒன்றரை செ.மீ.தான் வரும், சிறிய எழுத்துகள் அதில் பாதி. உள்ளே இருக்கும் எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, தலைப்பு 32-ஐ ஒட்டி இருக்கட்டும். மூன்று பேர்தானே, நீள மேஜையின் அடுத்த முனையில் உட்கார வைக்காமல் டிவிக்கு அருகில் நாற்காலி போடுங்கள்.

ஷிப்மென்ட் நாட்களைக் காட்டும் வரைபடத்தில் நேரத்துக்குப் போனவை பச்சை, தாமதமானவை சிவப்பு என்று வைத்திருக்கிறீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. சாம்பல் பட்டைகளுக்கு நடுவே தாமதமானதை மட்டும் அடர் நீலமாக்கி, அதன் மேலேயே நாட்களை எழுதிவிடுங்கள். பட்டை வரைபடத்தின் அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இடையில் வெட்டினால் சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரியும், கணக்கு தெரிந்த பையர் அதைக் கவனித்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.

எண்கள் எழுதும் முறையில் நம் பழக்கம் அவர்களைக் குழப்பும். 1,20,000 என்ற லட்சக் கமா அவர்களுக்குப் பிழையாகத் தெரியும். 120,000 என்று எழுதுங்கள். 05/06 என்றால் மே மாதமா ஜூனா என்ற குழப்பம் வராமல் மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள்.

அனிமேஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தின் ஒரு பகுதி முதலில், மற்றது பிறகு வர வேண்டும் என்றால் சாதாரணமாகத் தோன்றும் வகை போதும். ஏஐ படம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பத்து நிமிடம் கழித்து அவர்கள் உங்கள் தையல் வரிசை வழியாக நடக்கப் போகிறார்கள். திரையில் பார்த்த பளபளப்பான ஹால் அங்கே இல்லாவிட்டால், உண்மையாகச் சொன்னதும் பொய்யாகத் தெரியும். செல்போனில் நீங்களே எடுத்த படம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும் என்பதால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் பயம்

முழு வாக்கியங்களை எழுதி வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். நடப்பது தலைகீழ். வாய் சொல்வதைவிடக் கண் வேகமாகப் படிக்கும். நீங்கள் பாதியில் இருக்கும்போது அவர்கள் முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரே சொற்களைத் திரையிலும் பேச்சிலும் ஒரே நேரத்தில் கொடுத்தால் புரிதல் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அந்த மூன்று பேருக்கும் இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாமலிருக்க வாய்ப்பு உண்டு, உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புதிது. அதனால் முக்கியச் சொற்களும் எல்லா எண்களும் திரையில் இருக்கட்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் காதில் ஒன்றாக விழும்; 15 என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை.

நீங்கள் எழுதிய வாக்கியங்களை ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதிக்கு மாற்றுங்கள். பிரசென்டர் வியூவில் அவை உங்கள் லேப்டாப்பில் மட்டும் தெரியும். அங்கே தமிழிலேயே குறிப்பு எழுதலாம், தடுமாறும் இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாம். முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே இடம்: முதல் இரண்டு வாக்கியம், ஷேட் பற்றிச் சொல்லும் பத்தி, கடைசியில் ஆர்டர் கேட்கும் வாக்கியம். மற்றதை மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தவுடன் எல்லாம் நின்றுபோகும்.

பேச்சை 13, 14 நிமிடத்துக்குத் தயாரியுங்கள். மீதி கேள்விக்கு. வீட்டில் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. செல்போனில் கடிகாரம் வைத்து, நின்று, வாய்விட்டு, செக்கிங் பகுதியில் ஒரு தோழியை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். பேச்சு 14 நிமிடத்தைத் தாண்டினால் வேகமாகப் பேச முயலாமல் ஒரு ஸ்லைடை எடுத்துவிடுங்கள்.

உரிமை சார்ந்த சில விஷயங்கள்

கூகுளில் எடுத்த பருத்திக்காட்டுப் படம் யாரோ ஒருவருக்குச் சொந்தம். வியாபாரக் கூட்டத்தில் அனுமதியில்லாமல் காட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகலாம். எடுத்துவிடுங்கள், அது எதையும் நிரூபிக்கவும் இல்லை. தொழிலாளர் முகம் தெரியும் படங்களுக்கு அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேக்கிங் படத்தில் வேறு பையரின் லேபிள் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அது நேரடி மீறல், இல்லாவிட்டாலும் ‘நாளை எங்கள் டிசைனையும் இப்படித்தான் காட்டுவார்கள்’ என்று இவர்கள் நினைப்பார்கள். ஜிஓடிஎஸ், ஓகோ-டெக்ஸ் போன்ற துணிச் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒவ்வொன்றிலும் தேதியையும், அது எந்த வேலைக்குத் தரப்பட்டது என்பதையும் பாருங்கள். முடிந்துபோன சான்றிதழ் ஒன்று இருந்தால் மற்ற பத்தின் மேலும் கேள்வி எழும்.

பேச்சு முடிந்ததும் கோப்பை அனுப்பச் சொல்வார்கள். பவர்பாயிண்ட் கோப்பாக அனுப்பாதீர்கள். அதில் உங்கள் நோட்ஸும் மறைத்த ஸ்லைடுகளும் கூடவே போகும். எக்செலிலிருந்து ஒட்டிய வரைபடத்துக்குப் பின்னால் சில நேரம் முழு எக்செல் கோப்பும் உட்கார்ந்திருக்கும். அதில் காஸ்டிங் ஷீட் இருந்தால் உங்கள் லாப விகிதம் பையர் கைக்குப் போய்விடும். பிடிஎஃப் ஆக மாற்றும்போது மறைத்த ஸ்லைடுகளைச் சேர்க்கும் குறி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

முந்தைய நாளும் அன்று காலையும்

அதே லேப்டாப், அதே ஒயர், அதே டிவியில் முந்தைய நாளே முழுதாக ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் விசையோடு ‘பி’ (P) தட்டி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுத்தால்தான் நோட்ஸ் உங்களுக்கு மட்டும் தெரியும். ‘டூப்ளிகேட்’ என்றிருந்தால் உங்கள் திரையில் இருப்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும்; பிரசென்டர் வியூவைத் திறந்தால் உங்கள் தமிழ்க் குறிப்பும் தெரியும். சில டிவிகள் ஓரத்தை வெட்டும். பட அளவு அமைப்பில் முழுத்திரை பொருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பென் டிரைவில் இல்லாமல் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் டிவி அணைந்து மறுபடி எழ நேரம் எடுக்கும்; டிவியை யூபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லுங்கள்.

சின்னவரையே பேசச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். லாட் எப்படிக் கலந்தது, யார் எந்த நிலையில் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் அவர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் வரவேற்புச் சொல்லட்டும், விலையும் பேமென்ட் கெடுவும் வந்தால் அவர் பேசட்டும். அந்தக் கேள்வி வந்தவுடன் நீங்கள் அவர் பக்கம் கைகாட்டுவீர்கள் என்பதை மட்டும் இந்த வாரமே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.